மூளையில் செம்பு இருந்ததை எக்ஸ்ரேயில் பார்த்தார்களாம், பழி என் செப்புக் குடத்தின் மேல்

கும்பகோணத்து_மருமகள் (சாட்ஸ்வொர்த், டர்பன்)

எல்லோருக்கும் வணக்கம். பாதி வீட்டுச் சண்டை, பாதி விஞ்ஞானம் என்று கலந்த கேள்வி இது, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

கல்யாணமாகி நான் டர்பன் வந்து 11 வருடம் ஆகிறது. வரும்போது அம்மா சீரோடு சீராக ஒரு செப்புக் குடம் கொடுத்தார். நெளியக்கூடாது என்று அதற்குள் புடவையையும் மோர் மிளகாயையும் திணித்து விமானத்தில் கொண்டு வந்தேன். ஊரில் செய்கிற மாதிரி ராத்திரி தண்ணீர் நிரப்பி மூடி வைத்துக் காலையில் எல்லோரும் குடிப்போம். எங்களை விட என் அத்தைக்குத்தான் (மாமியார்) அது ரொம்பப் பிடித்துப்போனது, அவர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர், "இது என் ஆயா வீட்டுத் தண்ணீர் மாதிரி இருக்கு" என்று சொல்லிச் சொல்லிக் குடிப்பார்.

அத்தைக்கு இப்போது 74 வயது. போன வருடம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் பூஜைக்குப் போனவர் திரும்பி வரும்போது இரண்டு தெரு தள்ளி யாரோ ஒருவர் வீட்டுக் கேட்டில் நம் வீட்டுச் சாவியைப் போட்டுத் திருகிக்கொண்டு நின்றார். அப்புறம் டாக்டர், ஸ்கேன், நினைவுப் பரிசோதனை எல்லாம் முடிந்து அல்சைமரின் ஆரம்ப நிலை என்று சொன்னார்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நாத்தனாருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்திருக்கிறது. சூரியனை விடப் பல கோடி மடங்கு பிரகாசமான எக்ஸ்ரேயை வைத்து அல்சைமர் நோயாளிகளின் மூளையைப் பார்த்தார்களாம், உள்ளே செம்பும் இரும்பும் உலோகமாகவே இருந்ததாம், அதனால் செப்புப் பாத்திரத்தை இன்றே தூக்கி எறியுங்கள் என்று முடிகிறது. ராத்திரி சாப்பாட்டு மேசையில் எல்லோர் முன்னாலும் அதைச் சத்தமாகப் படித்தார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் காலை பார்த்தால் குடம் கராஜில், பெயின்ட் டப்பாக்களுக்குப் பக்கத்தில்.

உண்மையிலேயே அப்படிக் கண்டுபிடித்தார்களா? செம்பு இருந்தது உண்மை என்றால் அது எங்கிருந்து போனது? அத்தைக்கு அந்த எக்ஸ்ரேயை எடுத்துப் பார்க்க வழி இருக்கிறதா? அப்புறம் ஞாயிற்றுக்கிழமை மூன்று கால் இரும்புப் பானையில் பிரியாணி செய்கிறோமே, இரும்புக்கும் இதே நியாயம் என்றால் அதை மட்டும் ஏன் யாரும் கராஜுக்குக் கொண்டுபோகவில்லை?

---

மலையடி_மூலிகை (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

தங்கச்சி, எதற்கும் கவலைப்படாதே. செம்பு நம் பெரியவர்கள் காலகாலமாகக் குடித்த தண்ணீர். இதெல்லாம் ஃபில்டர் விற்கிறவன் கிளப்பி விடுகிற கதை, மூளைக்குள் எங்கேயாவது உலோகம் இருக்குமா? குடத்தை எடுத்து வந்து பூஜை அறையில் வை.

---

ராத்திரி_ஷிஃப்ட் (கேப் டவுன்)

மூலிகை அண்ணன் சொன்னதில் பாதி தப்பு, வாட்ஸ்அப் சொன்னதிலும் பாதி தப்பு, இரண்டுக்கும் நடுவில்தான் சுவாரஸ்யமான சங்கதி இருக்கிறது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

முதலில், அந்த ஆய்வு நிஜம். 2021 இல் சயின்ஸ் அட்வான்சஸ் இதழில் வந்தது, இங்கிலாந்தில் கீல், வார்விக் பல்கலைக்கழகத்துக்காரர்களும் அமெரிக்காவில் டெக்சாஸ்காரர்களும் சேர்ந்து செய்தது. இறந்துபோன அல்சைமர் நோயாளிகளின் மூளையில் இருந்து அமிலாய்டு என்ற புரதப் படிவுகளின் நடுப்பகுதியை மட்டும் பிரித்தெடுத்துப் பார்த்தார்கள். உள்ளே நானோ அளவில் செம்பும் இரும்பும் உலோக நிலையிலேயே இருந்தன. எத்தனை நோயாளிகள் தெரியுமா? இரண்டே பேர். கட்டுரையின் தலைப்பிலேயே ஒரு கேள்விக்குறி இருக்கிறது, வாட்ஸ்அப்புக்கு வரும் வழியில் அது உதிர்ந்துவிட்டது.

மூளைக்குள் செம்பும் இரும்பும் இருப்பதில் அதிசயமே இல்லை, அவை இல்லாவிட்டால்தான் ஆபத்து. உடம்பு இழுக்கிற ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கை மூளை மட்டுமே தின்கிறது, அந்த ஆக்சிஜனைக் கடைசியில் கையாளுகிற என்சைமுக்குள்ளேயே செம்பும் இரும்பும் உட்கார்ந்திருக்கின்றன. ஆனால் அவை ஆணி மாதிரியோ குடம் மாதிரியோ இருப்பதில்லை. அயனியாக, அதாவது சில எலக்ட்ரான்களை இழந்த அணுவாக, புரதத்தின் பிடியில் இருக்கும். ஃபெரிட்டின் என்று ஒரு புரதம் இருக்கிறது, உள்ளே பொந்துள்ள பந்து மாதிரி, அதற்குள் சுமார் 4,500 இரும்பு அணுக்கள் வரை அடைத்துப் பூட்டி வைக்கும், அதுவும் துருவுக்கு நெருங்கிய வடிவத்தில். உப்புத் தண்ணீரில் போட்ட ஆணி என்ன ஆகும்? துருப்பிடிக்கும். மூளையும் அப்படி ஓர் உப்புத் தண்ணீர்தான். அதற்குள் துருப்பிடிக்காத உலோகப் பொடி இருக்கிறது என்றதும்தான் விஞ்ஞானிகளே மூக்கில் விரல் வைத்தார்கள். செய்தி செம்பு "இருந்தது" என்பதில் இல்லை, எந்த நிலையில் இருந்தது என்பதில்தான்.

நான் வேலை செய்வது மூளையில் இல்லை, சுரங்கக் கழிவு மண்ணில். ஆனால் இதே பிரச்சினைதான். குரோமியம் மூன்றாம் நிலையில் இருந்தால் பெரிய தொந்தரவு இல்லை, ஆறாம் நிலைக்குப் போனால் விஷம். மண்ணில் குரோமியம் எத்தனை கிராம் இருக்கிறது என்று சொல்ல உள்ளூர்க் கருவியே போதும். எந்த நிலையில், எந்தத் துகளின் ஓரத்தில் இருக்கிறது என்று கேட்டால்தான் சின்க்ரோட்ரான் என்கிற ராட்சத வளைய எக்ஸ்ரே இயந்திரத்துக்கு ஓட வேண்டியிருக்கிறது. ஆப்பிரிக்காக் கண்டம் முழுக்கத் தேடினாலும் ஒன்று கிடையாது. பக்கத்தில் என்றால் ஜோர்டானில் செசமி என்ற வளையம். தென்னாப்பிரிக்கா 2013 முதல் பிரான்சின் கிரெனோபிளில் இருக்கிற வளையத்தில் இணை உறுப்பு என்பதால் எங்களுக்கு அங்கே நேரம் கேட்க வழி உண்டு. நீங்கள் சொன்ன ஆய்வு முக்கியமாக ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்தில் இருக்கும் டைமண்ட் என்ற வளையத்தைப் பயன்படுத்தியது. நம் ஸ்டெர்க்ஃபொன்டெய்ன் குகையில் கிடைத்த லிட்டில் ஃபுட் என்ற ஆதி மனித இன மண்டையோட்டை 2019 இல் கொண்டுபோய்ப் படம் பிடித்தார்களே, அதே இடம்தான்.

வளையம் என்றால் நிஜமாகவே வளையம், டைமண்டின் சுற்றளவு 562 மீட்டர். அதற்குள் எலக்ட்ரான்கள் கிட்டத்தட்ட ஒளியின் வேகத்தில் ஓடுகின்றன. காந்தங்கள் அவற்றை வளைக்கும் இடத்தில், சேற்றில் ஓடுகிற வண்டிச் சக்கரம் சேற்றை நேர்கோட்டில் தெறிக்க விடுகிற மாதிரி, எக்ஸ்ரே தெறித்து வெளியே வருகிறது. அது ஆஸ்பத்திரி எக்ஸ்ரே மாதிரி எல்லா ஆற்றலும் கலந்த கூழ் இல்லை, வேண்டிய ஆற்றலை மட்டும் வடிகட்டி எடுத்துக்கொள்ளலாம். அந்த ஒன்றுக்காகத்தான் இத்தனை செலவு.

ஒவ்வொரு தனிமத்துக்கும் ஓர் ஆற்றல் படி இருக்கிறது. இரும்புக்குச் சுமார் 710 எலக்ட்ரான் வோல்ட் (எக்ஸ்ரேயின் ஆற்றலை அளக்கும் அலகு), செம்புக்கு 930 ஐ ஒட்டி. ஆற்றலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே போனால் அந்தப் படி வந்ததும் அந்தத் தனிமம் திடீரென்று எக்ஸ்ரேயை விழுங்க ஆரம்பிக்கும். படிக்குக் கீழே ஒரு படம், படியில் ஒரு படம் எடுத்து ஒன்றில் இருந்து ஒன்றைக் கழித்தால் இரும்பு இருக்கும் இடம் மட்டும் மிஞ்சும். அதோடு நிற்பதில்லை. படியின் வடிவம் நிலைக்கு நிலை மாறும். துருவில் இருக்கும் இரும்பு ஒரு மாதிரிப் பிளவுபட்ட சிகரம் காட்டும், உலோக இரும்பு மழுங்கலான ஒற்றைச் சிகரம் காட்டும். ஒரே ஸ்வரம்தான், ஆனால் கமகம் வேறு. காது பழகியவருக்கு எந்த ராகம் என்று புரிந்துவிடும்.

சின்க்ரோட்ரானில் ராத்திரி ஷிஃப்ட் எப்படி இருக்கும் என்று ஒரு வரி சொல்லிவிடுகிறேன் (பெயரே அதனால் வைத்ததுதான்). மாதிரியை உள்ளே வைத்துவிட்டு ஈயத் தகடு போர்த்திய அறையை ஒரு சுற்று சுற்றி, உள்ளே யாரும் இல்லை என்பதற்கு மூலைக்கு மூலை இருக்கும் பொத்தானை அழுத்தி, வெளியே வந்து கதவை மூட வேண்டும், எச்சரிக்கை மணி அடிக்கும், அப்புறம்தான் கற்றை திறக்கும். அதன் பிறகு திரையில் படம் கோலம் மாதிரி புள்ளி புள்ளியாக, வரிசை வரிசையாக வரும், ஒரு சதுரம் முடிய டீ ஆறிவிடும். விடியற்காலை மூன்று மணிக்கு ஓர் ஆற்றலில் சாம்பல் நிறமாகச் சும்மா இருந்த இடம் இரண்டு எலக்ட்ரான் வோல்ட் தள்ளியதும் கறுப்புப் புள்ளியாக நிற்கும். அடுத்த இரண்டில் மறுபடி மங்கிவிடும். தூக்கமெல்லாம் போய்விடும்.

இப்போது உங்கள் குடம். செப்புக் குடத்தில் இருந்து தண்ணீரில் இறங்குவது உலோகப் பொடி இல்லை, அயனி. அது குடலில் உறிஞ்சப்பட்டுக் கல்லீரலுக்குப் போகிறது, கல்லீரல் வேண்டியதை ஒரு புரதத்தில் ஏற்றி ரத்தத்தில் விட்டு, அதிகமானதைப் பித்தநீரில் கழித்துவிடுகிறது. அந்தக் கணக்குப் பிறவியிலேயே தப்பினால் வில்சன் நோய் வரும், அதில் செம்பு கல்லீரலிலும் மூளையிலும் நிஜமாகவே தேங்கும், கண்ணின் கருவிழியைச் சுற்றி வளையம் கூடத் தெரியும், ஆனால் அது அல்சைமர் இல்லை. ஆக, படிவுக்குள் கண்ட உலோகத் துகள் குடத்தில் இருந்து வந்தது என்று சொல்ல அந்த ஆய்வில் ஒரு வரி கூட இல்லை. மூளைக்குள்ளேயே, அமிலாய்டு உருவாகும்போது அயனிகள் உலோகமாக மாறியிருக்கலாம் என்பதுதான் அவர்களின் ஊகம். அமிலாய்டால் செம்பு வந்ததா, செம்பால் அமிலாய்டு வந்ததா, இரண்டும் வேறொன்றால் வந்ததா, படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. எரிந்த வீட்டில் தண்ணீர் நிற்கிறது என்பதால் தண்ணீர்தான் தீ வைத்தது என்பீர்களா?

அத்தைக்கு இந்த எக்ஸ்ரே எடுக்க முடியாது. முடியவே கூடாது. இறந்தவரின் திசுவைப் பிசினில் பதித்து, ஒரு தலைமுடியின் பருமனில் நூறுக்கும் மேல் அடங்குகிற அளவுக்கு மெல்லிய சீவலாக வைர முனைக் கத்தியில் சீவித்தான் உள்ளே வைப்பார்கள். இந்த மென்மையான (ஆற்றல் குறைந்த) எக்ஸ்ரே அதை விடத் தடிமனுக்குள் நுழையாது. கடினமான (ஆற்றல் கூடிய) எக்ஸ்ரே நுழையும், கிரெனோபிளில் தானமாக வந்த முழு மூளையையே வெட்டாமல் படம் எடுக்கிறார்கள், 2021 இல் அந்த முறை வெளிவந்தது. ஆனால் அந்த அளவு கதிர் உயிருள்ள ஒருவர் மேல் படக் கூடாது.

---

கும்பகோணத்து_மருமகள்

அண்ணா, இதை அப்படியே நாத்தனாருக்கு அனுப்பினால் "யாரோ மண்ணு டாக்டர்" என்பார். ஆனால் எனக்கு மூச்சு வந்தது. எரிந்த வீட்டுத் தண்ணீர் உதாரணத்தை அவரிடம் சொன்னேன், சிரித்தார் (கணவர், நாத்தனார் இல்லை).

---

ஃபீனிக்ஸ்_ஆன்ட்டி (ஃபீனிக்ஸ், டர்பன்)

நான் திசு ஆய்வகத்தில் 26 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். தமிழ் எழுதக் கற்றது கோயில் பள்ளிக்கூடத்தில், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஷிஃப்ட் தம்பி எக்ஸ்ரேயைப் பற்றி நன்றாகச் சொன்னார். ஆனால் மாதிரி அந்த எக்ஸ்ரேக்குப் போவதற்கு முன்னால் என்னவெல்லாம் நடக்கும் என்று எங்களைக் கேளுங்கள். மூளையை வெட்டும் கத்தி எஃகு. எஃகில் இரும்பு. திசு கெடாமல் வைக்கும் ஃபார்மலினில் மாதக்கணக்கில் ஊறும்போது திசுவில் இருந்து உலோகம் கரைந்து வெளியே போகும், வெளியே இருப்பது உள்ளேயும் வரும். தண்ணீர்க் குழாயில் செம்பு. சாயத்தில் அது இதென்று. நான் சேர்ந்த புதிதில் ஒரு நாள் இரும்புக்கான நீலச் சாயம் போட்ட ஸ்லைடில் ஓரம் முழுக்க நீலப் பொட்டு, நோயாளிக்கு ஏதோ பெரிய வியாதி என்று நினைத்து ஓடினேன். என் மேலதிகாரி ஸ்லைடைப் பார்க்கவே இல்லை, பிளேடைத்தான் கேட்டார். பிளேடின் ஒரு முனை துருப்பிடித்திருந்தது! அன்று முதல் ஸ்லைடில் எதைப் பார்த்தாலும் இது அவர் உடம்பில் இருந்து வந்ததா, என் கையில் இருந்து வந்ததா என்றுதான் முதலில் கேட்பேன்.

இந்த வீட்டுச் சண்டை எங்களுக்குப் புதிதும் இல்லை. என் அம்மா காலத்தில் அலுமினியம். 1965 இல் முயல் மூளையில் அலுமினிய உப்பைச் செலுத்திப் பார்த்தபோது நரம்புச் செல்லுக்குள் சிக்கு மாதிரி விழுந்தது என்று எழுதினார்கள். அப்புறம் அல்சைமர் நோயாளிகளின் படிவுகளுக்குள்ளேயே அலுமினியம் இருக்கிறது என்றார்கள். அவ்வளவுதான், எங்கள் தெருவில் அலுமினிய தேக்சா எல்லாம் வெளியே வந்து செடித் தொட்டியாகிவிட்டது, என் அம்மாவின் சோற்றுப் பானையில் ரொம்ப நாள் கறிவேப்பிலை வளர்ந்தது. 1992 இல் ஆக்ஸ்ஃபோர்டில் சாயமே போடாத திசுவை எடுத்து, அணுக்கரு நுண்ணோக்கி என்று புரோட்டான் கற்றையை அடித்து அதில் கிளம்புகிற எக்ஸ்ரேயைப் படித்தார்கள். படிவின் நடுவில் அலுமினியம் இல்லை. முன்பு பலர் கண்டதில் ஒரு பகுதியாவது சாயத்திலும் கண்ணாடியிலும் இருந்து வந்த தூசு. நேச்சர் இதழில் வந்தது. அதைப் படித்து யாரும் தேக்சாவைத் திரும்ப அடுப்பில் ஏற்றவில்லை, செடி பெரிதாகிவிட்டது.

இன்னொன்று சொன்னால் சிரிப்பீர்கள். 1906 இல் அல்சைமர் என்ற டாக்டர் தன் நோயாளியின் மூளையில் நரம்புச் செல்லுக்குள் இருந்த சிக்குகளைப் பார்த்ததே வெள்ளி உப்பில் சாயம் ஏற்றித்தான். வெள்ளி போய் ஒட்டிக்கொண்டதால்தான் கறுப்பாகக் கண்ணுக்குத் தெரிந்தது. அந்த ஸ்லைடை இந்தக் காலத்து எக்ஸ்ரேயில் வைத்து முன்கதை தெரியாத ஒருவர் பார்த்தால் மூளை நிறைய வெள்ளி என்று வாட்ஸ்அப்பில் வந்துவிடும், நம் வீட்டு வெள்ளி டம்ளரும் கராஜுக்குத்தான்.

---

ராத்திரி_ஷிஃப்ட்

ஆன்ட்டி சொன்ன துருப்பிடித்த பிளேடு கதையை என் மாணவர்களுக்கு அனுப்பப் போகிறேன். ஆனால் நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும், 2021 ஆய்வுக்காரர்கள் இந்த அபாயம் தெரியாதவர்கள் இல்லை. துகள்கள் சீவலின் மேல் தூசாக உட்காரவில்லை, படிவின் புரதத்துக்குள்ளேயே பொதிந்திருந்தன. புரதம் இருக்கிறதா என்பதையும் அதே எக்ஸ்ரேயில் கார்பனின் படியில், 288 எலக்ட்ரான் வோல்ட் அருகில் பார்த்துக்கொள்ளலாம். எக்ஸ்ரேயே மாதிரியை மாற்றிவிடும் என்ற இன்னொரு தலைவலியும் உண்டு, செம்பு அயனி கற்றை பட்டால் நிலை இறங்கும், அதனால் மிகக் குறைந்த கதிரில் எடுக்க வேண்டும். இத்தனைக்குப் பிறகும் நான் அந்த ஆய்வை நம்புகிறேன். ஆனால் இரண்டு பேர் என்பது இரண்டு பேர்தான்.

---

மெரெபேங்க்_பையன் (தென் டர்பன்)

குடத்தையும் பானையையும் பற்றி இவ்வளவு பேசுகிறீர்கள், நாங்கள் மூச்சு விடுவதைப் பற்றி யாராவது பேசுங்களேன். எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகள் பக்கத்தில் வளர்ந்தவன் நான், காலையில் துணி காயப்போட்டால் மாலையில் மறுபடி துவைக்க வேண்டியிருந்தது. 2016 இல் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்துக்காரர்கள் மெக்சிகோ நகரத்திலும் மான்செஸ்டரிலும் வாழ்ந்த 37 பேரின் மூளையைப் பார்த்தார்கள், காந்த இரும்பு ஆக்சைடுத் துகள், மேக்னடைட், அதில் ஏராளம் உருண்டை உருண்டையாக இருந்தது. உடம்பிலேயே உண்டாகும் மேக்னடைட் மூலை மூலையான படிகமாகத்தான் இருக்குமாம், உருண்டை என்றால் நெருப்பில் உருகி உறைந்தது, அதாவது புகை. கூடவே பிளாட்டினம், நிக்கல் எல்லாம் இருந்தது, அதெல்லாம் எந்தக் குடத்தில் இருந்து வந்தது? மூக்கு நரம்பு வழியாக நேரே மூளைக்குப் போகலாம் என்கிறார்கள். என் தாத்தாவும் கடைசியில் யாரையும் அடையாளம் தெரியாமல்தான் போனார். அவர் வீட்டில் செப்புப் பாத்திரமே கிடையாது.

---

ராத்திரி_ஷிஃப்ட்

தம்பி, நீ சொன்ன ஆய்வு உண்மை, 200 நானோமீட்டருக்குக் குறைவான துகள் அந்த வழியில் போக முடியும் என்பதும் சரி. துகள் மூளைக்குள் இருக்கிறது என்பது நிரூபணம், அதனால்தான் மறதி நோய் வந்தது என்பதற்கு அந்த ஆய்வு நிரூபணம் இல்லை. அவர்களும் அப்படிச் சொல்லவில்லை. குடத்துக்கு ஒரு நியாயம், ஆலைக்கு ஒரு நியாயம் என்று நான் வைக்க முடியாது. ஆனால் இரண்டில் எதைப் பற்றி ஊர் கூட்டிக் கேட்க வேண்டும் என்று கேட்டால் நானும் உன் பக்கம்தான். இங்கே குற்றவாளி ஆலையாக இருந்தாலும் விசாரணை மருமகளின் சமையலறையில்தான் நடக்கிறது.

---

கும்பகோணத்து_மருமகள்

கடைசி வரியைப் படித்துவிட்டுக் கொஞ்சம் அழுதேன், பரவாயில்லை.

இன்னொரு விஷயம் முளைத்திருக்கிறது, அதனால்தான் திரும்ப வந்தேன். உலோகம்தான் காரணம் என்றால் உலோகத்தை வெளியே எடுத்துவிடலாமே என்று நாத்தனார் ஓரிடம் கண்டுபிடித்திருக்கிறார். கையில் டிரிப் ஏற்றுவார்களாம், செலேஷன் என்று பெயர், பத்து முறை போக வேண்டுமாம், மூளையில் இருக்கும் செம்பும் இரும்பும் சிறுநீரில் போய்விடும் என்று சொல்கிறார்களாம். முன்பணம் கட்டச் சொல்கிறார்கள். அத்தை எதைச் சொன்னாலும் சரி சரி என்று தலையாட்டுகிறார், அவரைக் கேட்டுப் பயனில்லை. என் கணவர் குழம்பிப்போயிருக்கிறார். என்ன சொல்வது?

---

ஃபீனிக்ஸ்_ஆன்ட்டி

போகாதே. பணம் கட்டாதே. அத்தையின் டாக்டரைக் கேட்காமல் கையில் ஊசி குத்த விடாதே. அந்த மாதிரி டிரிப்பில் போடுகிற சில மருந்து ரத்தத்தில் இருக்கும் கால்சியத்தையும் சேர்த்துப் பிடித்துவிடும், அதில் உயிர் போனவர்கள் உண்டு. மிச்சத்தைத் தம்பி சொல்வார்.

---

ராத்திரி_ஷிஃப்ட்

ஆன்ட்டி சொன்னதுதான் முதல் பதில். இப்போது நாத்தனாரிடம் நேருக்கு நேர் சொல்ல ஒரு பதில்.

அவர் நினைத்ததையே பெரிய பெரிய டாக்டர்களும் நினைத்தார்கள், அதனால் அவரை முட்டாள் என்று சொல்லிவிடாதீர்கள். டெஃபெரிப்ரோன் என்று ஒரு மாத்திரை இருக்கிறது, ரத்தம் ஏற்றி ஏற்றி இரும்பு அதிகமான தலசீமியா நோயாளிகளுக்குக் கொடுப்பது, மூளைக்குள்ளும் நுழையும். அல்சைமரின் ஆரம்ப நிலையில் இருந்த 81 பேரை வைத்து ஆஸ்திரேலியாவில் ஒரு வருடம் சோதித்தார்கள், ஒரு பகுதியினருக்கு மருந்து, மற்றவர்களுக்கு வெறும் மாத்திரை. முடிவு 2024 இல் ஜாமா நியூராலஜியில் வந்தது. நினைவுக்கான ஹிப்போகாம்பஸ் பகுதியில் இரும்பு குறைந்தது, எம்ஆர்ஐயில் தெரிந்தது. ஆனால் மருந்து சாப்பிட்டவர்களின் அறிவாற்றல் வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களை விட வேகமாகச் சரிந்தது. அதற்கு இரண்டு வருடம் முன்னால் பார்க்கின்சன் நோயாளிகள் 372 பேரிடம் இதே மருந்தைச் சோதித்தபோதும் நிலைமை மோசமானதுதான் மிச்சம். மூளைக்கு இரும்பு வேண்டும் என்று முதலிலேயே சொன்னேனே, வேலை செய்கிற இரும்பையும் தேங்கி நிற்கிற இரும்பையும் பிரித்துப் பார்த்து எடுக்கிற மருந்து இன்னும் கையில் இல்லை.

ஐயோ, அப்படியானால் இந்த எக்ஸ்ரே எதற்கு என்று கேட்பீர்கள். இதற்குத்தான். எந்த நிலையில் இருக்கும் இரும்பு, எந்தத் துகள், படிவின் எந்த ஓரத்தில் என்று தெரிந்தால்தான் அதை மட்டும் குறிவைக்க முடியும். அதுவரை டிரிப் என்பது வீட்டில் எலி இருக்கிறது என்று வீட்டையே இடிப்பது.

மூன்று கால் பானையை விட்டுவிட்டேன். அதில் சமைத்தால் கொஞ்சம் இரும்பு சாப்பாட்டில் இறங்கும், அது குடல் கணக்குப் பார்த்து எடுத்துக்கொள்ளும் இரும்பு. பிரியாணிக்கு ஆபத்தில்லை.

---

மலையடி_மூலிகை

மூளைக்குள் உலோகம் இருக்குமா என்று கேட்டேன், இருக்கிறதாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் குடம் விஷயத்தில் நான் சொன்னதுதானே கடைசியில் வந்தது?

---

ஃபீனிக்ஸ்_ஆன்ட்டி

முழுக்க வரவில்லை, அண்ணா. செம்பு அளவுக்கு மீறினால் வயிற்றைப் புரட்டும், வாந்தி வரும், கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கு இன்னும் ஆபத்து. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குத் தேவையானதே 0.9 மில்லிகிராம்தான். குடிதண்ணீரில் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வெறும் தண்ணீர் ஓர் இரவு நிற்பது வேறு, அதில் எலுமிச்சை பிழிந்து வைப்பது வேறு. எங்கள் ஆயா ஈயம் பூசாத செப்புப் பாத்திரத்தில் ரசமோ மோரோ ஊற்றினால் கையில் கரண்டியால் ஒன்று போடுவார், அவருக்கு மில்லிகிராம் தெரியாது.

---

கும்பகோணத்து_மருமகள்

டிரிப் வேண்டாம் என்று முடிவாகிவிட்டது. 81 பேர் கதையைச் சொன்னது என் கணவர்தான், நான் வாயே திறக்கவில்லை. நாத்தனார் ஒன்றும் சொல்லவில்லை, முன்பணம் இன்னும் கட்டவில்லை என்று மட்டும் சொன்னார். பாவம், அவருக்கும் அம்மா. ராத்திரி பாத்திரம் கழுவும்போது பக்கத்தில் வந்து நின்று, "என்னால எதாவது செய்யணும்னு இருக்கு, என்ன செய்யறதுன்னு தெரியல" என்றார். செவ்வாயும் வியாழனும் அத்தையை அவர் வீட்டில் வைத்துக்கொள்கிறேன் என்று அவராகவே சொன்னார்.

குடத்தை நேற்று கராஜில் இருந்து எடுத்து வந்தேன். இத்தனை வாரம் மூடியே இருந்ததில் உள்ளே கழுத்துக்குக் கீழே பச்சையாகப் படிந்திருக்கிறது, மேலே பெயின்ட் ஒரு சொட்டு. அத்தை அதைப் பார்த்துவிட்டு "இது யார் வீட்டுக் குடம்?" என்று கேட்டார், அப்புறம் கையால் தடவிப் பார்த்தார். ஆன்ட்டி, அந்தப் பச்சையை எப்படி எடுப்பது? கழுவினால் மறுபடி தண்ணீர் வைக்கலாமா?

---

ஃபீனிக்ஸ்_ஆன்ட்டி

பழைய புளியைக் கெட்டியாகக் கரைத்து ஒரு பிடி கல் உப்பு போட்டுக் கையால் தேய், இரும்பு நார் போடாதே, கீறல் விழுந்தால் அதில்தான் பச்சை மறுபடி உட்காரும். அந்தப் பச்சை செம்பு உப்பு, அது வயிற்றுக்குள் போகக் கூடாது, தேய்த்த தண்ணீரைச் சாக்கடையில் ஊற்று, செடிக்கு ஊற்றாதே. மூன்று தடவை அலசு. உள்ளே ரோஜா நிறம் ஒரே சீராகத் தெரிந்தால் தண்ணீர் வைக்கலாம், பொட்டுப் பொட்டாகப் பச்சை மிஞ்சினால் வேண்டாம். பெயின்ட் சொட்டுக்கு நான் பொறுப்பில்லை, அதை வைத்தவரைத் தேய்க்கச் சொல்.